ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே

ஐம்பது கேசட்டுகள் வந்திறங்கிவிட்டன.
உறைக்குள் மடித்துவைக்க நாலு வரி கேட்டார்கள்.
நான் ரெக்கார்டர் பிடித்தவன்,
பகலில் கம்பிக் கடையில் கணக்கு.
நாலு வரியில் நிறுத்தத் தெரியவில்லை.

இடம் சல்மாபாத். டயர் கடைக்குப் பின்னால்
மூடிக்கிடந்த மீன் கிடங்கு.
ஆகஸ்ட், வியாழன், இரவு பதினொன்றே கால்.
வெளியே காற்று ஈரத்துணியாய் முகத்தில் அப்பியது.
உள்ளே ஷேரி மீன் வாடை,
எத்தனை பினாயிலுக்கும் மசியாதது.
அதை டேப்பில் ஏற்ற முடியவில்லை;
இந்தப் பதிவில் என் ஒரே குறை அதுதான்.

பதூர், பல் மருத்துவர்.
தன் ஊத் வாத்தியத்தில் ஒரு நரம்பை விட்டு
மற்றதையெல்லாம் அவளே கழற்றியிருந்தாள்.
ரோமெல், சலூன்காரன். பொம்மை கீபோர்டு,
இரண்டு கட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு அமுக்கிவைத்து
அவன் பாட்டுக்கு டீ குடிப்பான்.
மீராசா, ஏசி மெக்கானிக், காயல்பட்டினம்.
டக்ட் தகரத்தை ஈரக் கட்டைவிரலால் தேய்ப்பார்.

சட்டம் ஒன்றுதான்:
தெரிந்த பாட்டு எட்டிப் பார்த்தால்
கையை எடுத்துவிட வேண்டும்.
ரோமெல் இருமுறை எடுத்தான்.
ஒன்று மாதா கோயில் பாட்டு,
மற்றது என்னவென்று இன்றுவரை சொல்லவில்லை.

சுருதிப் பெட்டி கிடையாது.
மூலையில் ஒரு கம்ப்ரஸர்,
யாரும் கூப்பிடாமல் குழுவில் சேர்ந்தது,
ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே
எந்த ஆர்மோனியத்திலும் கட்டை இல்லாத இடத்தில்
ம்ம்ம் என்று நின்றது.
முப்பது நிமிஷம் அதன்மேல் சாய்ந்திருந்தோம்,
சாய்ந்திருப்பது தெரியாமல்.
முதல் பக்கம் அதோடு முடிகிறது.

முப்பத்தோராவது நிமிஷம் கரண்ட் போனது.

என் ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது.
'அமைதி' என்று எழுதி அடித்துவிட்டேன்.
சொட்டு விழுந்தது. ஒரு பூனை
தகர ஷட்டருக்கு வெளியே எதையோ இழுத்தது.
என் மூக்குச் சத்தமும் இருக்கிறது, மன்னிக்கவும்.
பதூரின் ஒற்றை நரம்பு
எங்கே போய் நிற்பதென்று தெரியாமல்
கொஞ்சம் மேலே போனது, கொஞ்சம் கீழே வந்தது,
பிறகு வெட்கப்பட்டதுபோல் நின்றது.

அப்போதுதான் மீராசா வாயை மூடிக்கொண்டு
கம்ப்ரஸரைத் தொடர்ந்தார்.
பாட்டு இல்லை. முணுமுணுப்பும் இல்லை.
பத்தொன்பது வருஷம் மெஷின்களில் காதை ஒட்டி
எது சரி எது பழுது என்று பிரித்தவருக்கு
அந்த 'சரி' தொண்டையில் தங்கிப்போயிருக்கிறது.
இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி.
மூச்சு வாங்கிய இடங்கள் மூன்று.
வெட்டச் சொன்னார், வெட்டவில்லை.

டயர் கடை ஜெனரேட்டர் உறுமியது.
அதிலிருந்து எங்களுக்கும் ஒரு வயர் உண்டு.
கம்ப்ரஸர் எழுந்தது,
பழைய இடத்துக்கு ஒரு மயிரிழை கீழே.
மீராசா இறங்கவில்லை.
இருவரும் உரசினார்கள்.
நொடிக்கு இரண்டு துடிப்பு,
வ்வா வ்வா என்று கிடங்கு முழுக்க.
ஷட்டர் அதோடு நடுங்கியது.
என் கடைவாய்ப் பல்லில் பதூர் அடைத்த சிமெண்டும்.
பதூர் வில்லைத் தரையில் வைத்தாள்.
அதற்குப் பிறகு யாரும் எதையும் தொடவில்லை.
இரண்டாம் பக்கம் முழுக்க இவ்வளவுதான்.

உறையில் 'இசை' என்ற இடத்தில் மூன்று பெயர்.
நான்காவதாகத் தகட்டில் தேய்ந்த ஒரு மாடல் எண்.
மீராசாவுக்குச் சம்மதமில்லை:
"அது கேஸ் லீக்காகுற மிஷினு,
அதுக்குப் போயி பேரு போடுறீங்களே."

வெளியீடு பதூரின் கிளினிக் வரவேற்பறையில்.
பதினொரு பேர் வந்தார்கள்,
அதில் இருவர் பல்வலிக்கு வந்தவர்கள்.
ரிஃபாவிலிருந்து ஒருவர் கேசட்டைத் திருப்பினார்,
மறுபக்கத்தில் மோட்டார் சத்தம் ஏறிவிட்டதாம்.
ரோமெல் மன்னிப்புக் கேட்டு
வேறொன்று கொடுத்தனுப்பினான்.
அவர் திரும்பி வரவில்லை.

போன வாரம் சித்ராவில் ஒரு மொட்டை மாடி.
நாற்பது ஏசி யூனிட், நாற்பதும் ஓடுகின்றன.
ஏணியில் ஏறிய மீராசா
கழுத்தைச் சாய்த்து வெகுநேரம் நின்றார்.
"இதுல ஒண்ணுகூட நம்ம ஆளு இல்ல" என்றார்.
அப்புறம் ஸ்பேனரைக் கேட்டார்.